கில்லி முதல் பேஸ்பால் வரை: உத்திரமேரூர் வட்டாரத்தில் மட்டைவீச்சு கற்பித்த வரலாறு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு சிறுவன் கையில் கட்டையைப் பிடித்து வீசக் கற்றுக்கொண்டது மூன்று வழிகளில்: கில்லி, சிலம்பம், டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். மூன்றிலும் வீச்சு பெரும்பாலும் இடுப்பை ஒட்டிய உயரத்தில் குறுக்காக வரும். உடம்பு சுழல, கட்டை அதைப் பின்தொடரும். சென்னையில் வேரூன்றிய ஆங்கிலேயக் கிரிக்கெட் பயிற்சி இந்த வீச்சைப் பிழை என்றது. பின்னாளில் கல்விக்கூடங்கள் வழியே வந்த சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் ஏறக்குறைய இதே வீச்சைத்தான் கேட்டன. இளம் ஆட்டக்காரரின் வீச்சைத் திருத்துவது என்றால் என்ன என்ற கேள்விக்கு இவ்வட்டாரம் கண்ட விடைகள் காலத்துக்குக் காலம் மாறியதற்கு இந்த முரண்தான் காரணம்.

முதலில் ஆடுகளம். உத்திரமேரூர் ஏரிகளின் ஊர். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட வைரமேகத் தடாகம் ஊரை ஒட்டி இன்றும் பரந்து கிடக்கிறது. குடவோலை முறையைச் சொல்லும் பராந்தகச் சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே ஊர்ச்சபை ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் இவ்வட்டாரத்து ஏரிகள் பலவும் சித்திரை, வைகாசியில் வற்றிவிடும். அப்போது பள்ளி விடுமுறை. வெடித்துக் காய்ந்த ஏரி மண்ணும் அறுவடை முடிந்த வயலும்தான் கிராமத்துப் பிள்ளைகளின் மைதானம். புல்தரை கிடையாது, எல்லைக் கயிறு கிடையாது. தரையோடு உருட்டி அடித்தால் கில்லியானாலும் பந்தானாலும் முதல் வெடிப்பிலேயே நின்றுவிடும். தூக்கி அடித்தால்தான் தூரம் போகும். வீச்சின் வடிவத்தை முதலில் தீர்மானித்தது இந்தத் தரைதான்.

கில்லியைக் கிட்டிப்புள் என்றும் சொல்வார்கள். வடமாவட்டங்களில் கில்லி என்ற பெயரே பரவலாக வழங்குகிறது. கை நீளத்துக்கு ஒரு கட்டை, விரல் நீளத்துக்கு இரு முனையும் சீவிய ஒரு சிறு துண்டு, தரையில் ஒரு குழி. இவ்வளவுதான் செலவு. கட்டைக்கும் கில்லிக்கும் புளி, வேம்பு, கொய்யா என்று உறுதியான கிளை எது கிடைக்கிறதோ அதை வெட்டிக்கொள்வார்கள். குழியின் குறுக்கே கில்லியை வைத்துக் கட்டையால் நெம்பி எறிவதில் ஆட்டம் தொடங்கும். எதிரணியார் அதைத் தரையில் விழுமுன் பிடித்துவிட்டால் ஆட்டக்காரர் அவுட். பிடிக்காவிட்டால் கில்லியை எடுத்துக் குழியின்மேல் வைத்த கட்டையைக் குறிபார்த்து எறிவார்கள், பட்டால் அவுட். தப்பினால் அடிக்கும் வாய்ப்பு. கில்லியின் கூர்முனையைத் தட்டி மேலே எழுப்பி, அது அந்தரத்தில் சுழலும்போதே ஓங்கி அடிக்க வேண்டும். விழுந்த இடத்திலிருந்து குழிவரை கட்டையால் அளந்து புள்ளி எண்ணுவார்கள். தோற்றவர்களுக்குத் தண்டனையும் உண்டு: கில்லி விழுந்த இடத்திலிருந்து மூச்சு விடாமல் பாடிக்கொண்டே குழிக்கு ஓடிவர வேண்டும். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். தட்டி எழுப்பி அடிப்பது மட்டும் எங்கும் மாறாது.

அந்த ஓர் அடிக்குள் இருக்கும் நுட்பத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் இவ்விளையாட்டின் மீது மரியாதை கூடும். கில்லி தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் எழும்புகிறது என்று கொண்டால் உச்சியை அடைய அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 0.35 நொடி. அதற்குள் கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னே கொண்டுவர வேண்டும். பேஸ்பாலில் பந்து எறிபவரின் மேட்டுக்கும் அடிப்பவர் நிற்கும் தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் எறியப்படும் பந்து அதைக் கடக்கச் சுமார் 0.4 நொடி ஆகும். காய்ந்த ஏரியில் கில்லி அடிக்கும் சிறுவனுக்கும் அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய ஒன்றே. சிறுவனுக்கு ஒரு சலுகை உண்டு: எழுப்புவது அவன் கைதான். எந்த உயரத்துக்கு எழுப்புவது என்பதை அவனே முடிவு செய்கிறான். இன்னொரு சலுகை, உச்சியில் கில்லி ஒரு கணம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும். அந்தக் கணத்தில் அடிப்பவன்தான் தூரம் அடிப்பவன்.

இதைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஊரின் பெரிய பையன்கள். பாடமாகச் சொல்லும் வழக்கம் இருந்ததில்லை, தவறும்போது கத்துவார்கள். ஆனால் அந்தக் கத்தல்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. "மெதுவாத் தட்டுடா" என்பது முதல் திருத்தம். வேகமாகத் தட்டினால் கில்லி தலைக்கு மேல் போகும், கட்டை காற்றைத்தான் அடிக்கும். "கில்லியைப் பாரு" என்பது இரண்டாவது. தூரம் அடிக்கும் ஆசையில் சிறுவர்கள் கில்லியை விட்டுவிட்டு அது போகப்போகும் திசையைப் பார்ப்பார்கள். தலை தூக்கியவுடன் தோள் தூக்கும், தோள் தூக்கினால் கட்டை கில்லிக்கு மேலே போய்விடும். "ஏறி நிக்கும்போது அடி" என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒருவன் பழகிவிட்டால் காலும் இடுப்பும் தாமாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும். நவீனப் பயிற்சி நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் வரிசையை இந்தப் பையன்கள் மூன்று வாக்கியங்களில் வைத்திருந்தார்கள் என்பது மிகைப்பேச்சு ஆகாது.

கில்லியின் பழமையைத் தேடுவோர் மகாபாரதத்தின் ஆதி பர்வத்துக்குச் செல்வதுண்டு. குரு குலத்து இளவரசர்கள் 'வீடா' என்னும் பொருளை வைத்து விளையாடுகிறார்கள். அது கிணற்றில் விழுந்துவிடுகிறது. அவ்வழியே வந்த துரோணர் புல்லை ஒன்றன்பின் ஒன்றாக எய்து அதை வெளியே எடுக்கிறார். வீடா என்பது கட்டையால் அடித்து ஆடும் சிறு மரத்துண்டு என்று சமஸ்கிருத அகராதி பொருள் சொல்கிறது. பல மறுகூறல்களில் அது பந்தாகிவிட்டது. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரங்களில் இக்கதை ஏட்டில் மட்டும் இருந்ததில்லை. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடந்து, படுகளத்தோடும் தீமிதியோடும் விழா முடியும். ஏரி வற்றிக் கில்லி சூடுபிடிக்கும் அதே மாதங்களில், விளையாட்டுப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த ஆசானின் கதையும் ஊரில் ஒலித்தது.

ஊரில் முறையாகக் கற்பிக்கப்பட்ட வீச்சு ஒன்றுதான்: சிலம்பம். அதற்கு வாத்தியார் உண்டு, வணக்கம் உண்டு, பாட வரிசை உண்டு. சிலம்பத்தில் கம்புக்கு முன்னால் கால் வரும். புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பல வாத்தியார்கள் எடுத்தவுடன் கம்பைக் கொடுப்பதில்லை; எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே, எடை எப்போது மாறுகிறது என்ற காலடிகளையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். நெற்றி உயரக் கம்பு கைக்கு வந்தபிறகும் வீச்சின் வேகம் கையிலிருந்து வருவதில்லை என்பதை உடம்புக்கு உணர்த்துவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. மணிக்கட்டு கம்பைத் திருப்பும், இடுப்பு அதைத் தள்ளும், பாதம் இரண்டையும் தாங்கும். இந்த அறிவு திருவிழாவிலும் ஊர்வலத்திலும் கம்பு சுற்றுவதற்கென்று ஒதுக்கிவைக்கப்பட்டது. அதே ஊரில் கில்லி அடித்த பையனிடமும் பின்னாளில் பேட் பிடித்த பையனிடமும் அது பாடமாகப் போய்ச் சேரவில்லை. இவ்வட்டாரத்து விளையாட்டு வரலாற்றில் இது ஒரு பெரிய இழப்பு. வீச்சைத் திருத்தத் தெரிந்த ஆசிரியர் ஊரிலேயே இருந்தார். அவரை அதற்காக யாரும் அழைக்கவில்லை.

கிரிக்கெட் வேறு வழியில் வந்தது. சென்னையில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தொடங்கப்பட்டது. அது வெள்ளையர்களுக்கான இடம். இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை 1888இல் உருவாக்கியவர் புச்சி பாபு நாயுடு. வெள்ளையர் கிளப்பின் சேப்பாக்கம் மைதானத்தில் ஆட வந்த இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை, மரத்தடியில்தான் உட்கார வேண்டும் என்ற நிலை அவரை உறுத்தியது. ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் பொங்கல் காலத்தில் மோதிய பிரசிடென்சி ஆட்டங்களுக்கு வித்திட்டவரும் அவரே. 1908இல் அவர் காலமான பிறகு, 1915 முதல் அவை முதல்தர ஆட்டங்களாக நடந்தன.

இந்தக் கிரிக்கெட்டோடு வந்த பாடம் நேர்மட்டை. பந்து தரையில் பட்டு எழுகிறது, மூன்று குச்சிகளைக் காக்க வேண்டும், ஒருமுறை அவுட்டானால் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஆகவே மட்டை செங்குத்தாக, பந்து வரும் கோட்டிலேயே இறங்க வேண்டும். முன்கை வழிநடத்த வேண்டும். இடது முழங்கை உயர வேண்டும். நல்ல புல்தரையில் இது மிகச் சரியான பாடம். குறுக்கே வீசினால் பந்தின் பாதையை மட்டை ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கும். நேராக வீசினால் நீண்ட தூரம் அதே கோட்டில் இருக்கும். ஆங்கிலேயக் கிரிக்கெட் பேச்சில் குறுக்குவீச்சுக்கு விவசாயத்தைக் குறிக்கும் சொல்லையே ஏளனமாகச் சூட்டினார்கள். வயலில் ஆடியவர்கள் பயிற்சி மைதானத்துக்கு வந்தபோது அந்த ஏளனத்தையும் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

திருத்தும் முறைகளும் கடுமையாக இருந்தன. கேம்பிரிட்ஜில் இளம் ரஞ்சித்சிங்ஜி பந்துக்குப் பயந்து பின்வாங்குவதை நிறுத்த, பயிற்சியாளர் அவருடைய வலது காலைத் தரையோடு கட்டிவைத்தார் என்பது கிரிக்கெட் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. கால் கட்டப்பட்ட நிலையில் உடம்பைத் திருப்பிப் பந்தை மணிக்கட்டால் லெக் பக்கம் தள்ளியதிலிருந்தே அவருடைய புகழ்பெற்ற லெக் கிளான்ஸ் பிறந்தது என்பார்கள். பிழையைத் திருத்தப் போன இடத்தில் புதிய அடி பிறந்த இந்த உதாரணம் பயிற்சியாளர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் உத்திரமேரூரும் இருந்தது, மொறப்பாக்கமும் இருந்தது. அந்த மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்தவர் எம்.ஜே. கோபாலன். சிறுவயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய திறமையைக் கண்டு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலைக்கு வழிசெய்தவர் ஆங்கிலேய ஆட்டக்காரர் சி.பி. ஜான்ஸ்டன். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸ் அணியும் மைசூர் அணியும் மோதிய ஆட்டத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடியிருந்தார். 1935இல் தியான் சந்துடன் இந்திய ஹாக்கி அணியில் நியூசிலாந்து சென்றார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கம் வென்றது, கோபாலனுக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்டிலும் இடம் கிடைக்கவில்லை. சென்னை அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே நடந்த கோபாலன் கோப்பை அவர் பெயரால் அமைந்தது. பயிற்சியும் வாய்ப்பும் சென்னைக்குள்ளேயே இருந்த காலம் அது. திருவல்லிக்கேணிக்குப் போகாத மொறப்பாக்கத்துப் பிள்ளைக்கு ஜான்ஸ்டனின் கண்ணில் படும் வழியே இருந்திருக்காது.

கிராமப் பள்ளிகளுக்கு விளையாட்டு ஆசிரியர் என்ற ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்ததில் ஓர் அமெரிக்கருக்குப் பங்குண்டு. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அது சைதாப்பேட்டையில் கல்லூரியாக வளர்ந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடும் அவர் சென்றார். அதற்குமுன் பள்ளிகளில் இருந்தது டிரில். ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கு, இறக்கு என்பார். அதன் இடத்தில் விளையாட்டையே கல்வியாக வைத்தவர்கள் பக்கும் அவர் மாணவர்களும். இங்கே பயின்று உடற்கல்வி ஆசிரியர்களாகத் தமிழகமெங்கும் சென்றவர்கள்தான் ஊர்களில் 'பி.டி. மாஸ்டர்' ஆனார்கள். வாலிபாலும் கூடைப்பந்தும் அவர்கள் கையோடு பரவின. ஒரு பி.டி. மாஸ்டர் பள்ளி முழுவதையும் பார்க்க வேண்டும்; ஒரு பையனின் வீச்சை நின்று கவனிக்க அவருக்கு நேரம் அமைவது அரிது. கில்லியை அவர்கள் பெரும்பாலும் ஊக்குவிக்கவில்லை. கூர்முனையுள்ள மரத்துண்டு கண்ணில் பட்டுப் பார்வை பறிபோன பிள்ளைகள் உண்டு என்பதால் அந்த அச்சம் நியாயமானதே.

விடுதலைக்குப் பின் அரசு பயிற்சியாளர்களை உருவாக்க முனைந்தது. 1953இல் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பயிற்சித் திட்டமும், 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனமும் வந்தன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் அமைந்தது. பட்டயம் பெற்ற பயிற்சியாளர்கள் மாவட்டத் தலைநகர் வரை வந்தார்கள்.

இதற்கிடையே கிராமத்தில் கில்லியின் இடத்தை டென்னிஸ் பந்து பிடித்தது. வானொலி வர்ணனை விதைத்த கிரிக்கெட் ஆசை 1983 உலகக் கோப்பைக்குப் பிறகு தொலைக்காட்சியால் காட்டுத்தீயானது. காணும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இளைஞர் மன்றங்கள் போட்டி நடத்தின. தச்சரிடம் செய்துகொண்ட மட்டை, சில சமயம் தென்னை மட்டை. டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவுதான். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். காய்ந்த ஏரி மண்ணில் டென்னிஸ் பந்து இடுப்புக்கும் மேலே எழும்பும். கில்லி பழகிய கைக்கு இது பழக்கமான உயரம். ஆகவே பழைய வீச்சு அப்படியே புதிய ஆட்டத்துக்குள் நுழைந்தது: முன்காலை லெக் பக்கம் ஒதுக்கி வைத்து, மட்டையைக் குறுக்கே சுழற்றி, மிட் விக்கெட்டுக்கு மேலே தூக்குவது. ஓவர் குறைவு, ஆறு அடித்தால் கைதட்டல். அந்த ஆட்டத்துக்கு அதுவே சரியான அடி.

பிழை வெளிப்பட்டது பந்து மாறியபோது. எடை குறைந்த பந்தை இடுப்பைத் திருப்பாமல் வெறும் கையாலேயே தூரம் அனுப்பிவிடலாம். கில்லியில் இருந்த உடல்சுழற்சி டென்னிஸ் பந்தில் தேவைப்படாமல் போனதால், இரண்டாம் தலைமுறைப் பையன்களிடம் அது மெல்லக் கரைந்தது. கைவீச்சு மட்டும் மிஞ்சியது. கடினப் பந்து பட்டவுடன் மட்டை கையில் திரும்பும். கிரிக்கெட் பயிற்சியாளர்கள் இதற்குப் பழக்கிய மருந்து எளியது: பழைய காலுறைக்குள் பந்தைப் போட்டு உத்திரத்திலோ மரக்கிளையிலோ கட்டித் தொங்கவிட்டு அடிப்பது. செலவில்லாத இந்தப் பயிற்சி தமிழ்நாட்டின் வீட்டு முற்றங்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் பாடமாக இருந்திருக்கிறது. நேராக அடித்தால் பந்து நேராகத் திரும்பி வரும், குறுக்கே அடித்தால் வட்டமடிக்கும். தவறு எது என்று பந்தே காட்டிவிடும். ஆஸ்திரேலியாவில் சிறுவன் பிராட்மன் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகியதும் இந்த வகைதான்.

சாஃப்ட்பாலுக்கு இந்தியாவில் 1961இல் சங்கம் அமைந்தது. பேஸ்பாலுக்கான அமெச்சூர் கூட்டமைப்பு 1983இல் உருவானது. இரண்டும் ஊர் விளையாட்டாகத் தமிழ்நாட்டில் வேரூன்றவில்லை. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகப் போட்டிகளே அவற்றின் இருப்பிடம். இவற்றுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட்டிலிருந்தே வருகிறார்கள். எனவே இங்கே பேஸ்பால் பயிற்சியாளரின் வேலை வெற்றுப்பலகையில் எழுதுவது ஆகாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

விடவேண்டியதில் முதலாவது, அடித்த பிறகு மட்டையோடு ஓடுவது. கிரிக்கெட்டில் மட்டையைக் கோட்டுக்குள் எட்டிவைத்து ரன் எடுப்பார்கள். பேஸ்பாலில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓட வேண்டும். சின்ன விஷயமாகத் தோன்றினாலும் பல நாள் பழக்கத்துக்குப் பிறகே இது போகும். அடுத்தது திசை. கிரிக்கெட்டில் சுற்றிலும் எங்கே அடித்தாலும் செல்லும். பேஸ்பாலில் இரண்டு ஃபவுல் கோடுகளுக்கு இடையிலான 90 டிகிரிக்குள் பந்து போக வேண்டும். ஏரியில் ஆறு வாங்கித் தந்த ஸ்கொயர் லெக் அடி இங்கே வெறும் ஃபவுல். ஆகவே பயிற்சியாளர் வலக்கை ஆட்டக்காரரிடம் பந்தை இன்னும் சற்று உள்ளே வரவிட்டு, எதிர்ப்பக்கமாக அடித்துப் பழகச் சொல்வார். ஒதுங்கும் முன்கால் மூன்றாவது. காலை லெக் பக்கம் திறந்துவிட்டால் முன்தோளும் திறந்துவிடும். வெளிப்பக்கம் வரும் பந்துக்கு மட்டை எட்டாது. அடியெடுத்து வைக்க வேண்டிய இடத்தை ஒட்டித் தரையில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டாமல் அடி என்று சொல்வது இதற்கு உதவும். ரஞ்சியின் காலைக் கட்டியவருக்கு இந்த எளிய கோடு போதுமானதாக இருந்திருக்கலாம்.

பிடியும் மாறவேண்டும். கிரிக்கெட் மட்டை தட்டையானது, 4¼ அங்குலம் வரை அகலம் கொண்டது. முகம் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். பேஸ்பால் மட்டை உருண்டை. அதன் மிகப் பருத்த இடமே 2.61 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. உருண்டைப் பந்தை உருண்டைக் கட்டையால் அடிப்பதில் சிறு பிசகும் பெரிதாகும். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். விரல்களில் தளர்வாகப் பிடித்து, இரு கைகளின் நடுக்கணுக்களும் ஏறத்தாழ ஒரே வரிசையில் வரும்படி வைத்தால் அது விடுபடும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை இதைவிட அதிகம். உருண்டைக் கட்டை, அந்தரத்தில் இருக்கும் இலக்கு, தூரத்தை நோக்கிய வீச்சு: மூன்றும் கில்லியில் ஏற்கெனவே உண்டு. முழங்காலுக்கு மேல், மார்புக்குக் கீழ் என்ற பேஸ்பாலின் ஸ்டிரைக் பகுதி டென்னிஸ் பந்து எழும்பும் உயரத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பாதத்தில் தொடங்கி இடுப்பு, தோள், கை என்று வேகம் ஏறிவரும் வரிசையைச் சிலம்ப வாத்தியார் கற்பித்துக்கொண்டிருந்தார். பேஸ்பாலில் தொடக்கநிலைப் பிள்ளைக்குக் கொடுக்கும் டீ பயிற்சியில் பந்தை ஒரு தாங்கியின்மேல் நிறுத்திவைத்து அடிக்கச் சொல்கிறார்கள். அடுத்த நிலையில் ஒருவர் பக்கவாட்டிலிருந்து பந்தை மெதுவாக மேலே தூக்கிப்போட, பிள்ளை அடிக்கிறது. தூக்கிப்போடுவதும் அடிப்பதும் ஒருவரே என்றால் அது கில்லி. எனவே கில்லி ஆடிய பிள்ளைக்கு வீச்சின் பாதையைத் திருத்துவதைவிடத் தலையை அசையாமல் வைப்பதையும் முன்காலின் இடத்தையும் திருத்துவதே பெரும்பாலும் போதும். வீச்சு முழுவதையும் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டுவது பதின்வயதுப் பிள்ளைக்கு நன்மையைவிடக் குழப்பத்தையே தரும். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம், அதுவும் காலிலிருந்து தொடங்கி மேல்நோக்கி என்ற முறையே பலன் தரும்.

மேல்நோக்கிய வீச்சு சரியா தவறா என்ற சச்சரவு கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்காவிலேயே பல பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குப் பந்தை மேலிருந்து கீழாக வெட்டி அடி, தரையோடு போகட்டும் என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். மேட்டிலிருந்து எறியப்படும் பந்து சரிந்து இறங்குகிறது, ஆகவே வீச்சு சற்றே மேல்நோக்கி இருந்தால்தான் மட்டை பந்தின் பாதையில் அதிக நேரம் இருக்கும் என்று பேஸ்பால் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். நேர்மட்டைக்கு ஆங்கிலேயர் சொன்ன காரணமும் இதுவே: பந்தின் கோட்டில் மட்டை நீண்டு இருக்க வேண்டும். கோடு மாறும்போது வீச்சும் மாற வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான உண்மை. 2015இல் அமெரிக்கப் பெருலீக் மைதானங்கள் அனைத்திலும் அளவீட்டுக் கருவிகள் பொருத்தப்பட்டு, பந்து எழும் கோணமும் வேகமும் எண்களாகக் கிடைக்கத் தொடங்கியபின் வில்லியம்ஸின் பக்கம் வலுத்தது.

கிரிக்கெட்டும் தான் பிழை என்ற வீச்சுக்குத் திரும்பி வந்தது. 2003இல் இங்கிலாந்தில் தொடங்கிய இருபது ஓவர் ஆட்டம் தூக்கி அடிப்பதற்கு மதிப்புக் கொடுத்தது. மகேந்திர சிங் தோனியின் ஹெலிகாப்டர் அடி டென்னிஸ் பந்து ஆட்டத்தில், நண்பர் சந்தோஷ் லாலிடமிருந்து கற்றது. சேப்பாக்கம் அதற்கு எழுந்து நின்று கைதட்டியது. பேஸ்பால் முறைகளைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்த இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஜூலியன் வுட்டை 2022இல் பஞ்சாப் ஐ.பி.எல். அணி அழைத்துக்கொண்டது. இடுப்பிலிருந்து வீச்சைத் தொடங்கு, பின்பாதத்தைத் திருப்பு என்று அவர் சொல்லும் பாடம் சிலம்பக் களத்தில் கேட்டால் புதிதாகத் தோன்றாது.

சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அது உண்டு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் சேர்ந்து வருகின்றன. கில்லிக்கு இப்படி ஒரு மேடை அமையவில்லை. கூர்முனைக்குப் பதில் ரப்பர் முனை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி என்று சில மாற்றங்களோடு அதன் தட்டி எழுப்பி அடிக்கும் பயிற்சியைத் தொடக்கப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. கட்டை செய்யத் தெரிந்தவர்களும் மூன்று திருத்தங்களையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களும் உத்திரமேரூர் வட்டாரத்தில் இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டிய தலைமுறையில் இருக்கிறார்கள்.